மாப்பிள்ளையின் சுட்டுவிரல்

என் கல்யாணம் ஒரு விரலால் நின்றுபோக இருந்தது. வரதட்சணைத் தகராறு இல்லை, மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, சாப்பாட்டில் உப்புக் குறைந்தது என்று சம்பந்தி வீட்டார் முறைத்துக்கொள்ளவும் இல்லை. விரல்தான். வலது கையின் சுட்டுவிரல். இதை எங்கள் தெருவில் உள்ள மற்ற மதத்துக்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் சிரிப்பதில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொழுகையில் உட்காரும்போது வலது கையைத் தொடைமேல் வைத்துச் சுட்டுவிரலை நீட்டுவோம். இறைவன் ஒருவனே என்பதற்கு அது அடையாளம். நீட்டிய விரலை அப்படியே வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு பக்கம். நபிகள் நாயகம் எப்படித் தொழுதார்கள் என்பதைப் பார்த்தவர்கள் சொல்ல, அதைக் கேட்டவர்கள் தங்கள் மாணவர்களுக்குச் சொல்ல, அப்படித் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்த செய்திகளைத்தான் ஹதீஸ் என்கிறோம். அந்தச் செய்திகளில் ஓரிடத்தில் விரலை அசைத்தார்கள் என்று வருகிறது. இன்னோரிடத்தில் அசைக்கவில்லை என்று வருகிறது. இதற்காகப் பள்ளிவாசல் மாறிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

என் அத்தா, அதாவது அப்பா, அசைக்காத கட்சி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வெறும் சேஸியாக வரும் வண்டிக்கு கேபினும் பலகையும் தகரமும் அடித்து முழு லாரியாக அனுப்புவது அவர் தொழில். முடிந்த வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பலகையையும் கையால் ஒரு குத்து விடுவார். எங்காவது லேசாக ஆடினால் போயிற்று, மிஸ்திரிக்கு அன்று சோறு இறங்காது. ஆடுகிற எதையும் அவருக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை ஆடாது, கட்டில் ஆடாது, மின்விசிறி சுற்றும்போதுகூட ஆடாது. இப்பேர்ப்பட்ட மனிதர் தொழுகையில் ஒரு விரல் ஆடுவதை எப்படிப் பொறுப்பார்?

நான் சேலத்துப் பக்கம் பெண்கள் அரபிக் கல்லூரியில் படித்து மார்க்கம் கற்றவள் என்ற ஆலிமா பட்டம் வாங்கியவள். படிப்பு முடிந்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் பெண்களுக்கு ஹதீஸ் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். எனக்குக் குரல் சிறியது, அதனால் மைக் உண்டு. கீழே அத்தா பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்த வகுப்பை நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முட்டை திருடிக் கை வெட்டப்பட்டவனைப் பற்றிய ஒரு ஹதீஸை ஒருநாள் சொன்னேன். முட்டைக்கான அரபுச் சொல் அந்த இடத்தில் கோழிமுட்டையை அல்ல, இரும்புத் தலைக்கவசத்தைக் குறிக்கிறது என்று அந்தச் செய்தியைச் சொன்ன அறிவிப்பாளர்களில் ஒருவர் கருதினார் என்றும், அற்ப முட்டைக்காக அவ்வளவு பெரிய தண்டனையா என்ற யோசனையில் அப்படி விளக்கினார் என்றும் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் கோழிப்பண்ணையையும் முட்டை வண்டியையும் நம்பிப் பிழைக்கிற வீட்டுப் பெண்கள். "அற்ப முட்டையா? ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு கேட்டா என்னாகும்!" என்று ஒருத்தி எழுந்தாள். அன்றைக்குத் தலைக்கவசக் கட்சிக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. கீழே பேப்பருக்குப் பின்னால் அத்தா சிரித்தது எனக்கு மாடியில் கேட்டது.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை வந்தார். கொண்டுவந்தவர் மோகனூர்க்காரர். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிகள் வைத்திருக்கும் விவசாயி, அத்தாவின் பழைய வாடிக்கையாளர், அதைவிடப் பழைய நண்பர். அவர் சேலத்தில் வழக்கமாக உதிரிப்பாகம் வாங்கும் கடைக்காரருடைய மகன்தான் மாப்பிள்ளை. "ஏனுங்க பாயி, அந்தப் பையன் பில்லைத் தப்பாப் போட்டுட்டா ஃபோன் பண்ணிச் சொல்லிக் காசைத் திருப்பிக் குடுக்கறானுங்க. இதுக்கு மேல என்ன பார்க்கோணும்?" என்று கேட்டுவிட்டு, அவரே இரண்டு வீட்டுக்கும் நாள் குறித்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு மத்தியானம் வந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அவரும் பேச அம்மா ஐந்து நிமிஷம் அனுமதி கொடுத்து, சமையலறை வாசலில் வெங்காயம் உரிக்கும் சாக்கில் காவலுக்கு உட்கார்ந்தார். மாப்பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வகுப்புல யாராவது கேட்டு உங்களுக்குப் பதில் தெரியலைன்னா என்ன செய்வீங்க?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"நல்லது. எங்க கடையில தெரியாதுன்னு சொன்னா கஸ்டமரு அடுத்த கடைக்குப் போயிடுவாரு. ஊட்டுலயாவது யாராச்சும் சொல்லட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்தும்விட்டது. மறைக்க ஒன்றும் இல்லை, ரொம்பவே பிடித்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, போதும் எழுந்திரு என்று கண்ணைக் காட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வீட்டுக் கூடத்திலேயே ஆண்கள் வரிசையாக நின்று தொழுதார்கள். அத்தாவுக்கு இடது பக்கத்தில் மாப்பிள்ளை. உட்காரும் நேரத்தில், அத்தாவின் கண்ணுக்குப் பக்கத்திலேயே அந்தச் சுட்டுவிரல் எழுந்து மெல்ல, நிதானமாக, ஆட ஆரம்பித்தது.

விருந்தாளிகளை அத்தா சிரித்த முகமாகவே வழியனுப்பினார். வண்டி தெருமுனை திரும்பியதும் கேட்டைச் சாத்தினார். "விரலை ஆட்டற ஊட்டுக்கு நான் பொண்ணு குடுக்கறதில்லை" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "பொண்ணைப் பார்க்க வந்தவங்களை நீங்க விரலைப் பார்த்தீங்களாக்கும்? தொழுகையில கண்ணு எங்க இருக்கோணும்?"

"பக்கத்துல ஆடுனாத் தெரியாதா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னா கெழவன் வம்பு பண்றான்னு சொல்லுவீங்க. நீ படிச்சவ. கிதாபுகளை எடுத்துப் பாரு கண்ணு. அவங்க செய்யறதுக்குச் சரியான ஆதாரம் இருக்குதா இல்லையான்னு நீயே சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு."

இதைவிட மோசமாக என்னை யாரும் மாட்டிவிட்டதில்லை. என் கல்யாணத்துக்கு நானே நீதிபதி. அதுவும் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற நீதிபதி.

மறுநாளிலிருந்து ஆடாத அந்தச் சாப்பாட்டு மேஜை முழுக்க என் ஹதீஸ் கிதாபுகள்தான். இந்த வேலை எப்படி நடக்கும் என்றால், ஒரு செய்தி எத்தனை வழியாக வந்திருக்கிறதோ அத்தனையையும் முதலில் சேர்க்க வேண்டும். யாரிடம் யார் கேட்டார் என்று கிளை கிளையாகப் படம் போட வேண்டும். ஓர் ஆசிரியரிடம் பல மாணவர்கள் கேட்டிருப்பார்கள். எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னால் கவலை இல்லை. ஒருவர் மட்டும் மற்றவர்கள் சொல்லாத ஒரு வார்த்தையைக் கூடச் சொன்னால் அங்கேதான் சண்டை. அவர் நம்பகமானவர், மற்றவர்கள் விட்டதை அவர் கவனமாகப் பிடித்து வைத்திருக்கிறார், ஏற்கலாம் என்பார்கள் சில அறிஞர்கள். அத்தனை பேர் காதில் விழாதது இவர் காதில் மட்டும் எப்படி விழுந்தது, ஏற்க முடியாது என்பார்கள் வேறு சிலர். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இந்த வழக்கு தீரவில்லை. என் மேஜையில் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்று அத்தா எதிர்பார்த்தார்.

படம் வளர வளர மாப்பிள்ளை பக்கம் மெலிந்துகொண்டே போனது. ஒரே ஆசிரியரிடம் கேட்ட மாணவர்களில் பெரும்பாலோர், விரலால் சுட்டிக்காட்டினார்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். அசைத்தார்கள் என்ற வார்த்தையைச் சொல்வது ஒரே ஒரு மாணவர். மாப்பிள்ளை வீட்டுப் பழக்கம் முழுக்க அந்த ஒற்றைக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. சரி, அத்தா பக்கம் எப்படி என்று, அசைக்கவில்லை என்று வரும் அறிவிப்பைப் பிரித்தேன். அங்கேயும் அதே கதை. அசைக்கவில்லை என்ற வார்த்தை ஒரு வழியில் வருகிறது, அதே செய்தியைச் சொல்லும் மற்றவர்கள் அதைச் சொல்லவில்லை. நடுவில் பழங்கால அறிஞரான ஒரு நல்ல மனிதர், அசைத்தார்கள் என்றால் சுட்டுவதற்காக விரலை உயர்த்தியதாகத்தான் இருக்கும், தொடர்ந்து ஆட்டியதாக இருக்க வேண்டியதில்லை என்று சமாதானம் பேசியிருந்தார். அவர் இன்று இருந்தால் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேன்.

இதற்குள் சேலத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் செய்தார். வேறோர் இடமும் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றார். என் அம்மா ஃபோனை வைத்துவிட்டு நேராக மேஜைக்கு வந்தார்.

"என்னதான் இருக்குது அதுல?"

சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க அத்தா பக்கம் பலம் இல்லைங்கறதை மட்டும் இப்பச் சொல்லு. மீதியை நிக்காஹ் முடிஞ்சு மெதுவாச் சொல்லிக்கலாம்."

நான் கத்திவிட்டேன். பாதியை மறைத்தவர் என்று தெரிந்தால் அவர் சொன்ன மற்றதையும் தூக்கி எறிகிற படிப்பு இது. அதைப் படித்துவிட்டு என் கல்யாணத்துக்காக நானே மறைத்தால், ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு மைக்கைப் பிடிப்பேன்? அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "சரி தாயே, கல்யாணம் ஆகாம கிதாபோடவே குடித்தனம் பண்ணு" என்று உள்ளே போய்விட்டார். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்ன யோசனையும் மிக நல்ல யோசனையாகத் தோன்றியது, அதற்கும் சேர்த்து அழுதேன்.

வியாழக்கிழமை காலை பட்டறைக்கே போனேன். வீட்டில் சொன்னால் பாதியிலேயே அம்மா இருமி என்னை நிறுத்திவிடுவார் என்று பயம். பட்டறையில் மோகனூர்க்காரரின் புது லாரி நின்றிருந்தது. பக்கப் பலகை அடித்து முடித்திருந்தார்கள், பெயின்ட் அடிக்கவில்லை. அவரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தா என்னைப் பார்த்ததும் வெல்டிங்கை நிறுத்தச் சொன்னார்.

பலகையில் அளவு குறிக்கிற சாக்பீஸை எடுத்தேன். லாரியின் பக்கப் பலகையிலேயே கிளைப்படத்தை வரைந்தேன். ஆசிரியர், அவருக்குக் கீழே மாணவர்கள், ஓரத்தில் ஒற்றைக் கோடு.

"அசைத்தார்கள்ங்கற வார்த்தை இந்த ஒருத்தர்கிட்ட இருந்துதான் வருதுங்கத்தா. கூடப் படிச்சவங்க யாரும் சொல்லலை. ஒத்தை ஆளு சொன்னதை ஏத்துக்கறவங்களும் இருக்காங்க, ஏத்துக்காதவங்களும் இருக்காங்க."

அத்தா முகம் மலர்ந்தது. "நான் சொல்லலை?" என்று மோகனூர்க்காரரைப் பார்த்தார்.

"இன்னும் முடியலைங்கத்தா" என்று பக்கத்தில் இன்னொரு படம் போட்டேன். "இது நம்ம பக்கம். அசைக்கவில்லைங்கற வார்த்தையும் இப்படித்தான் ஒத்தை வழியில வருது. நம்மளதும் அவங்களதும் ஒரே மாதிரிதான். நடுவுல இருக்கற இத்தனை பேரும் சுட்டிக்காட்டினாங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க. ஆட்டுனாலும் ஆட்டாட்டியும் தொழுகை செல்லாதுன்னு இவங்கள்ல யாரும் சொல்லலை."

அத்தா பலகைக்குப் பக்கத்தில் வந்து இரண்டு ஒற்றைக் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். வழக்கம்போல் பலகையில் ஒரு குத்து விட்டார். அது ஆடவில்லை. மோகனூர்க்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க பாயி, அவ்வளவு பேரு விரலைக் காட்டுனாங்கன்னு சொல்றாங்க. காட்டுன பக்கம் பார்க்காம நீங்க விரலையே பார்த்துட்டு நிக்கறீங்க" என்றார். அத்தா அவரை முறைத்தார். அவர் கிளாஸை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பிறகு அத்தா என்னிடம் கேட்டார். "உனக்கு அந்தப் பையனைக் கட்டிக்க இஷ்டமா?"

"ஆமாங்கத்தா." பட்டறையில் அத்தனை ஆட்கள் முன்னால் சொன்னேன். காது சுட்டது.

"அப்பறம் எதுக்கு அவங்க பக்கத்துக் குறையை முதல்ல சொன்ன? நான் அதோட எந்திரிச்சுப் போயிருந்தா?"

"இருக்கறதைச் சொன்னேன். வேற என்ன செய்யறது?"

அவர் கையில் இருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "தனக்கு நட்டமா இருந்தாலும் மறைக்காம சொல்றவங்க பேச்சை நம்பி எடுத்துக்கலாம்னு நீதானே மைக்குல சொன்ன?" என்றார். அது ஏதோ ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது. எந்த ஞாயிறு என்று எனக்கே நினைவில்லை. "அப்ப நீ ரெண்டாவது சொன்னதையும் நான் எடுத்துக்கத்தானே வேணும்? போ. சேலத்துக்கு ஃபோன் போடச் சொல்லு உங்கம்மாவை. நாளைக்கு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்?"

நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் திரும்பிப் பார்த்தபோது பெயின்டர் பலகையைத் துடைக்கத் துணியோடு வந்தார். மோகனூர்க்காரர் தடுத்துவிட்டார். "துடைக்காதீங்க, அது மேலயே அடிங்க. எங்க வண்டிக்கு நல்லது" என்றார். இன்றும் மோகனூர் ரோட்டில் கரும்பு ஏற்றிப் போகும் ஒரு லாரியின் பச்சைப் பெயின்டுக்கு அடியில் என் கிளைப்படம் இருக்கிறது. என் ஆராய்ச்சி அச்சேறியது அந்த ஒரு முறைதான்.

நிக்காஹ் சேலத்தில் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு நாமக்கல் வந்தோம். கூடத்தில் மறுபடியும் அஸர் தொழுகை. அம்மாவின் தம்பி முன்னால் நின்று தொழவைத்தார். அதே இடத்தில் அத்தா, அவருக்கு இடது பக்கத்தில் அதே மாப்பிள்ளை. இந்த முறை நாங்கள் பெண்களும் பின்னால் நின்றோம். அம்மா வலது ஓரத்தில், நான் நடுவில். உட்காரும் நேரம் வந்ததும் முன்வரிசையை எட்டிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் தலை குனிந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலிமாவாக இருப்பதில் இது ஒரு கஷ்டம்.

சாயங்காலம் சேலம் திரும்பும் பஸ்ஸில் மாப்பிள்ளையே பேச்செடுத்தார். "இன்னிக்கு நான் விரலை ஆட்டலை, தெரியுமா? உங்க அத்தா பக்கத்துல உக்காந்துட்டு ஆட்ட மனசு வரலை. அவரு எனக்காக எவ்வளவு விட்டுக்குடுத்துருக்காரு."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே, உங்க அத்தா ஆட்டுனாருடி! நான் பார்த்தேன். வலது கை எனக்கு நேரா நல்லாத் தெரிஞ்சுது. மாப்பிள்ளை சங்கடப்படக் கூடாதுன்னு ஆட்டியிருக்காரு மனுஷன். பழக்கம் இல்லாம, ஸ்டார்ட் ஆகாத வண்டியாட்டம் ஒரு தடவை ஆடி நின்னு மறுபடி ஆடுச்சு."

பின்னால் அத்தாவின் குரல் கேட்டது. "தொழுகையில நீ எதுக்கு என் விரலைப் பார்த்த?"

இதுவரை அந்த விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் ஆதாரம் இவ்வளவுதான். அன்றைக்குக் கூடத்தில் தொழுத மற்றவர்கள் எல்லாரையும் நான் தனித்தனியாக விசாரித்துவிட்டேன். வேறு யாரும் அத்தாவின் விரலைப் பார்க்கவில்லை. அசைத்தார் என்று சொல்வது அம்மா ஒருவர் மட்டும். அந்த அம்மாவும், பாதியை மறைத்துச் சொல் என்று எனக்கு யோசனை சொன்ன அதே அம்மா. கிளைப்படம் போட்டால் ஓரத்தில் ஓர் ஒற்றைக் கோடுதான் வரும். அத்தாவிடம் நேரில் கேட்டால் ஆட்டினேன் என்றும் சொல்வதில்லை, ஆட்டவில்லை என்றும் சொல்வதில்லை, அம்மாவைத்தான் திட்டுகிறார்.

கல்யாணத்துக்குப் பிறகும் வகுப்புக்காக நாமக்கல் வருவேன்; அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், மற்றவர்கள் சொல்லாத வார்த்தையை ஒருத்தர் மட்டும் கூடுதலாகச் சொன்னால் ஏற்கலாமா கூடாதா, உங்கள் முடிவு என்ன என்று. இரண்டு கட்சியின் வாதத்தையும் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு, நான் ஏற்கிற கட்சி என்றேன். காரணம் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.